ஏரிக்கரைக் கன்றுகள் கருகினால் பனைக்கு மாறுங்கள்
நண்பரே, போன மழைக்கு ஏரிக்கரையில் வைத்த வேம்பும் புங்கனும் சித்திரை வெயிலில் கருகிவிட்டன, தண்ணீர் ஊற்ற ஆள் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் குழுவைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிறவர்கள் கோடை முழுக்கக் குடம் தூக்குவது நடக்கிற காரியமா? கரைக்குப் பனைதான் சரி.

ஆவணி, புரட்டாசியில் பழம் தானாக விழும். பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பொறுக்குங்கள், அவர்களுக்கு அது கொண்டாட்டம். ஐப்பசி மழைக்கு முன்னால், பத்தடிக்கு ஒன்றாகக் குழி போட்டு விதையை மூடினால் போதும். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. செத்துவிட்டது என்று தோண்டிப் பார்க்காதீர்கள். பனை முதலில் கீழேதான் இறங்கும். மண்ணுக்குள் கிழங்கு திரண்ட பிறகுதான் மடிப்பு மடிப்பாக ஒற்றைக் குருத்து வெளியே வரும்.

பொங்கலை ஒட்டிக் கிழங்குக்காகத் தோண்ட வருவார்கள், கவனம். வேறோர் இடத்தில் கிழங்குக்கென்றே ஒரு பாத்தி போட்டு, அவித்து ஊருக்குக் கொடுங்கள். சண்டை போடுவதைவிட இது பலன் தரும். அப்புறம், கோடையில் கரைப்புல்லுக்குத் தீ வைக்க விடாதீர்கள். இளங்குருத்துக்கு அதுதான் எமன்.

பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை, ஏரி நிரம்பினால் மிச்ச நீர் வழியும் கலுங்கு, இவற்றின் ஓரம் நட வேண்டாம். ஏரி ஊராட்சி ஒன்றியத்துடையதா, நீர்வளத் துறையுடையதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாளைக்குத் தூர்வார இயந்திரம் வரும்போது அந்தத் தாளைக் காட்டலாம்.

வேம்பு, புங்கன் கன்று மிச்சமிருந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கே தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும்.