வாஃபிள் ஏன் நமத்துப் போகிறது? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கடை மிக்ஸ் வாங்காமல் வீட்டிலிருக்கும் மாவிலேயே, இரண்டு சூடான தகடுகளுக்கு நடுவே கட்டம் கட்டமாகச் சுடும் வாஃபிள் வருமா? அளவு சொல்லுங்களேன்.

பதில்: தாராளமாக வரும். மைதா ஒரு கப், கார்ன்ஃப்ளார் 2 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு 2 சிட்டிகை. எல்லாவற்றையும் சேர்த்துச் சலித்து வையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் முட்டை ஒன்று, பால் முக்கால் கப், உருக்கி ஆறிய வெண்ணெய் 4 டேபிள்ஸ்பூன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பாலை ஊற்றாதீர்கள். வெண்ணெய் உறைந்து மணிமணியாக மிதக்கும். இரண்டையும் சேர்த்த பிறகு உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போனாலே போதும், கரண்டியை வைத்துவிடுங்கள். சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அடித்துக் கலக்கினால் மைதாவில் இழுவை கூடி வாஃபிள் ரப்பராகிவிடும். பத்து நிமிடம் ஊறவிட்டு வாஃபிள் மெஷினில் ஊற்றுங்கள். பதம் இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வு.

கேள்வி: மெஷினிலிருந்து எடுக்கும்போது மொறுமொறு. எல்லாரும் வந்து உட்காருவதற்குள் நமத்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: அதிகம் பேர் கேட்பது இதைத்தான். காரணம் ஆவி. மெஷினில் எரியும் விளக்கு தகடு சூடாகிவிட்டது என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே மாவு வெந்ததா என்பது அதற்குத் தெரியாது. பக்கவாட்டில் வரும் ஆவியைப் பாருங்கள். முதலில் புசுபுசுவென்று வரும், அப்புறம் நூலாகும், அதுவும் ஏறக்குறைய நின்ற பிறகு திறங்கள். அவசரப்பட்டு முன்பே திறந்தால் உள்ளே தங்கிய ஈரம் வெளியே வந்து மேல்தோலை நனைத்துவிடும்.

அடுத்தது, எடுத்தவுடன் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. அடியிலிருப்பது வியர்த்துப் போகும். கம்பி ரேக்கில் தனித்தனியாக வையுங்கள். ரேக் இல்லையா, துளையுள்ள இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டால் ஆயிற்று. நிறைய சுடுகிறீர்கள் என்றால் 100 டிகிரி செல்சியஸ் ஓவனில் ரேக்கோடு வைத்திருங்கள். சிரப்பைச் சாப்பிடும் நேரத்தில் ஊற்றினால் போதும்.

கேள்வி: மூடியைத் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து மேலும் கீழும் ஒட்டிக்கொள்கிறது.

பதில்: வேகவில்லை என்று அர்த்தம். மூடி இழுத்தால் எதிர்த்து மல்லுக்கட்டாதீர்கள், இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். சர்க்கரை கூடினாலும் ஒட்டும். எண்ணெயைப் பிரஷ்ஷால் தடவுங்கள். ஸ்ப்ரே டப்பா நான்ஸ்டிக் தகட்டில் நாளடைவில் பிசுக்காகப் படிந்துவிடும், எனக்குப் பிடிக்காது.

கேள்வி: நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை.

பதில்: பாலுக்குப் பதில் கெட்டியான புளித்த மோர் ஒரு கப், சமையல் சோடா கால் டீஸ்பூன், பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனாகக் குறையுங்கள். மோரின் புளிப்பு பட்டவுடன் சோடா பொங்க ஆரம்பித்துவிடும், அதனால் இந்த மாவை ஊறவிடாமல் உடனே ஊற்ற வேண்டும். உள்ளே கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும்.

கேள்வி: பெல்ஜியன் வாஃபிள் என்பது இதுதானா?

பதில்: இல்லை. மேலே சொன்னது பேக்கிங் பவுடர் போடும் அமெரிக்க வகை. பெல்ஜியத்திலேயே இரண்டு வகை பிரபலம். பிரசல்ஸ் வாஃபிள் நீள்சதுரம். ஈஸ்ட் போட்ட தளர்வான மாவில் நுரைக்க அடித்த வெள்ளைக்கரு சேரும். லியேஜ் வாஃபிளுக்கு ஊற்றும் மாவே கிடையாது, வெண்ணெய் மிகுந்த பிசைந்த மாவு. அதில் பேர்ல் ஷுகர் என்ற கெட்டிச் சர்க்கரை மணிகளைக் கலந்து சுடுவார்கள். தகட்டில் பட்ட மணிகள் உருகிப் பொன்னிறப் பாகாக ஒட்டும். பேர்ல் ஷுகர் கிடைக்காவிட்டால் சர்க்கரைக் கட்டியைக் கரகரப்பாக உடைத்துப் போடலாம். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்ட்ராபெரியும் க்ரீமும் வைத்து விற்றதுதான் அமெரிக்காவில் பெல்ஜியன் வாஃபிள் என்ற பெயரைப் பரப்பியது. என்னைக் கேட்டால் லியேஜ்தான் ருசி, ஆனால் தகட்டைச் சுத்தம் செய்வதற்குள் உயிர் போய்விடும்.

கேள்வி: மிச்சமான இட்லி மாவை ஊற்றலாமா?

பதில்: ஊற்றலாம். அதில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் ஒரு கப் மாவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் கலந்து, தகட்டிலும் தாராளமாகத் தடவுங்கள். சட்னிதான் இதற்குத் துணை.

கேள்வி: மீந்த வாஃபிளை எடுத்து வைக்கலாமா?

பதில்: நன்றாக ஆறிய பிறகு இடையில் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போடுங்கள். எடுத்து நேராக டோஸ்டரில். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம், தொளதொளத்துவிடும்.