கேம்பர் வேனில் மலைக்குப் போகும்போது இரவு தங்க இடத்தை முன்கூட்டியே புக் செய்ய வேண்டுமா?

நான்கு நாள் கேம்பர் வேனில் கொடைக்கானல், முடிந்தால் ஊட்டியும். படுக்கை வண்டியிலேயே இருக்கிறது, அப்புறம் இடம் எதற்குப் புக் செய்ய வேண்டும், போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாமே என்பது உங்கள் கேள்வி.

முதல் ராத்திரிக்குக் கட்டாயம் புக் செய்யுங்கள். சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை, ஏப்ரல், மே என்றால் எல்லா ராத்திரிக்கும். மற்ற நாட்களுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மலையில் புக் செய்வது என்றால் ஆன்லைனில் பணம் கட்டுவது மட்டும் இல்லை. கட்டுவதற்கு முன்னால் போனில் நாலு கேள்வி கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் நாங்கள் பட்டது இது.

எங்களுக்குத் திண்டுக்கல். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிராவலர் வேனைக் கேம்பராக மாற்றி வைத்திருக்கிறோம். நீளம் 23 அடி, மேலே சோலார் பேனலோடு சேர்த்து உயரம் ஒன்பதரை அடி. ஒரு ஆயுத பூஜை விடுமுறையில் பூம்பாறை போகும் வழியில் ஒரு பண்ணை வீட்டைப் புக் செய்தோம். ‘கேரவன் நிறுத்த இடம் உண்டு’ என்று போட்டிருந்தார்கள். வழி கேட்கக் கூப்பிட்டபோது பார்த்துக்கொள்கிறவர், “தாராளமா வாங்க சார், இங்க லாரியே வரும்” என்றார்.

போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறரை. நல்ல பனிமூட்டம். மெயின் ரோட்டிலிருந்து ஒரு சிமென்ட் பாதை சரிவாக இறங்குகிறது, இருநூறு மீட்டர் இருக்கும். கடைசி வளைவைத் தாண்டினால் கேட், கேட்டுக்கு மேலே பண்ணையின் பெயர் எழுதிய இரும்பு வளைவு. எங்கள் பேனல் அதற்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. உள்ளே முற்றத்தில் அவர் சொன்ன ‘லாரி’ நின்றுகொண்டிருந்தது. டாடா ஏஸ், நம் குட்டியானை!

திருப்ப இடமில்லை. இருநூறு மீட்டரும் ரிவர்ஸில் ஏற வேண்டும். நல்ல வேளை, கூட வந்த மாமனார் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். டார்ச்சோடு இறங்கிப் பின்னால் போனார். ஒரு கையால் பாடியைத் தட்டிக்கொண்டே, “வரட்டும்… வரட்டும்… லெஃப்ட்ல ஒடி… ஹோல்டான்!” மேலே வர நாற்பது நிமிஷம் ஆனது. கிளட்ச் கருகிய வாடை மறுநாள் வரை போகவில்லை. பணமும் திரும்பி வரவில்லை, ‘வராதது நீங்கள்தானே’ என்றுவிட்டார்கள்.

விடுமுறை என்பதால் கேட்ட இடமெல்லாம் ஃபுல். கடைசியில் ஒரு பெட்டிக்கடைக்காரர் தன் கடை ஓரத்தில் நிறுத்தச் சொன்னார். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி லேசாக ஆடியது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால், ஒரு காட்டுமாடு பின்பக்க ஏணியில் முதுகைச் சொறிந்துகொண்டிருக்கிறது. கொடைக்கானலில் இவை டவுனுக்குள்ளேயே சகஜமாகத் திரியும். ஆகவே ரோட்டோரம் நிறுத்திவிட்டு, அவசரத்துக்கு இருட்டில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். காட்டுப் பகுதி ரோட்டில் இரவு நிறுத்தவும் வனத்துறை விடாது.

இப்போது இடம் பேசுவது மாமனார்தான். “உங்க வாசல்ல ஸ்கூல் பஸ் திரும்புமா?” என்று ஆரம்பிப்பார். எதிரே தயங்கினால் போனை வைத்துவிடுவார். திரும்பும் என்றால், மெயின் ரோட்டிலிருந்து கேட் வரை நடந்து ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார். அடுத்து 15 ஆம்ப் பிளக் உண்டா, டாய்லெட் டேங்கை அவர்கள் செப்டிக் டேங்கில் காலி செய்ய விடுவார்களா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், இரண்டு நாள் ஆனதும் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய விஷயமாகிவிடும்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான், “ஆறு மாசம் முன்னாடியே புக் பண்ணிடு” என்பான். அங்கே அது சரி. பல தேசியப் பூங்காக்களில் வண்டிக்கென்று எண் போட்ட இடம் இருக்கிறது, அதை அரசுத் தளத்தில் மாதக்கணக்கில் முன்கூட்டியே பிடிக்கலாம். நம் மலையில் நாம் பிடிப்பது யாரோ ஒருவருடைய முற்றம். அதற்கு ஒரு வாரம் போதும். ஜூலை, ஆகஸ்டில் செவ்வாய், புதன் என்றால் காலையில் டீக்கடையில் விசாரித்துவிட்டு மத்தியானம் போய் நிறுத்தியிருக்கிறோம், அதுவும் மன்னவனூர் பக்கம், புக்கிங்கே இல்லாமல். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குள் இடம் முடிவாகிவிட வேண்டும். பனி இறங்கிய பிறகு 23 அடி வண்டியோடு தேடுவது எனக்கு இனி ஆகாது.

தங்கும் இடத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது இ-பாஸ், அதாவது வண்டி மலையேற ஆன்லைனில் வாங்கும் அனுமதி. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் இரண்டு மலைக்கும் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. பாஸுக்குக் காசு கிடையாது, ஆனால் சீசனில் அது கையில் வந்த பிறகே இடத்துக்கு அட்வான்ஸ் போடுங்கள். அட்வான்ஸும் பாதிக்கு மேல் வேண்டாம், மழையில் ரோடு சரிந்தால் யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

ஊட்டியையும் சேர்த்தால், இரண்டாவது ராத்திரிக்கு மசினகுடியில் இடம் பிடிக்கத் தோன்றும். மேப்பில் பக்கமாகத் தெரியும். நடுவே 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி மலைப்பாதை இருக்கிறது, அதில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. கூடலூர், தெப்பக்காடு என்று சுற்றித்தான் போக வேண்டும். அப்படியே மைசூர் பக்கம் போகிறதாக இருந்தால், பந்திப்பூர் ரோட்டை இரவு 9 மணிக்கு அடைத்துக் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். மசினகுடியில் இடம் வேண்டுமென்றால் ஊட்டியை விட்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ராத்திரியையும் ஊட்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.