ரொறன்ரோவில் உள்ள சிப்போட்லே உணவகத்தில் எதை, எப்படிக் கேட்டு வாங்குவது?

ரொறன்ரோவுக்குப் படிக்கச் செல்லும் மட்டக்களப்பு மாணவர் ஒருவர், மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் உண்ணாத தாம் சிப்போட்லேயில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரில் ஸ்டீவ் எல்ஸ் தொடங்கிய இந்த மெக்சிக்கோ பாணி உணவக நிறுவனத்தின் கடைகளில் மேசைக்கு வந்து யாரும் பரிமாறுவதில்லை. மட்டக்களப்பு நகரில் மதியப் பார்சல் கட்டும்போது கண்ணாடிக்கு அப்பாலுள்ள கறிகளைக் காட்டிக் கேட்பதைப் போல, வரிசையில் நகர்ந்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கோதுமை ரொட்டியில் சுற்றிய புரிட்டோவும் உண்டு, ஆயினும் சோற்றில் பழகியவருக்கு, ரொட்டியின்றி அதே உணவுகளை இட்டுத் தரும் கிண்ணமே பொருந்தும் என்பது என் கருத்து. தேசிப்புளியும் கொத்தமல்லி இலையும் கலந்த சோறு அதில் கிடைக்கும்.

இறைச்சியில்தான் கவனம் தேவை. பார்பகோவா, ஸ்டேக் ஆகிய இரண்டும் மாட்டிறைச்சி. கார்னிடாஸ் பன்றி இறைச்சி. பெயரை மட்டும் பார்த்து இதை ஊகிக்க முடியாது என்பதாலும், தட்டுகள் அருகருகே வைக்கப்பட்டிருப்பதாலும், பரிமாறுபவரிடம் உங்கள் கட்டுப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்குக் கோழி இறைச்சி உண்டு. மரக்கறி உண்பவர்களுக்கு டோஃபுவை (சோயாப் பாலில் செய்த கட்டி) காரமாகச் சமைத்த சோஃப்ரிட்டாஸ் இருக்கிறது; கறுப்பு அவரையும் பின்டோ அவரையும் இறைச்சி கலவாதவை. காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து வாசகர்கள், ஹலால் என்று அந்தக் கிளை வெளிப்படையாக அறிவித்திருந்தாலொழிய, இந்த மரக்கறி வகைகளோடு நிற்பதே நல்லது.

கொச்சிக்காய் உறைப்புக்குப் பழகியவர்கள் சிவப்பு டொமட்டியோ சல்சாவை (சட்னி போன்ற தொடுகறி) கேளுங்கள், அங்குள்ள சல்சாக்களில் அதுவே உறைப்புக் கூடியது. ஆனைக்கொய்யாவை மசித்துச் செய்யும் குவாக்கமோலேக்கு வழமையாகத் தனிக் கட்டணம் உண்டு. இறைச்சியோ சோஃப்ரிட்டாஸோ இல்லாத மரக்கறிக் கிண்ணத்தைக் கேட்டால் குவாக்கமோலே அதன் விலைக்குள்ளேயே அடங்கும்.