மியூனிக்ல முதல் குளிர்காலம், மஞ்சளாகிற மல்லிச்செடி: திருமங்கலத்துத் தங்கச்சிக்கு

உங்க செடி சாகல, தங்கச்சி. தினமும் ஊத்துற தண்ணியை மட்டும் இன்னைக்கே நிறுத்திடுங்க. மத்ததை நிதானமாச் சொல்றேன்.

திருமங்கலத்துல இருந்து கல்யாணமாகி மியூனிக் வந்து இதுதான் முதல் குளிர்காலம்னு எழுதியிருந்தீங்க. செப்டம்பர்ல ஆன்லைன்ல வாங்கின குண்டுமல்லி மொட்டோட வந்துச்சு, இப்ப இலை மஞ்சளாகிக் கொட்டுதுன்னு வருத்தப்பட்டிருந்தீங்க. பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப அம்மா வீட்டுச் செடியில பதியன் போட்டு எடுத்துட்டு வரலாமான்னும், வெள்ளிக்கிழமை விளக்கேத்த ஒரு பூ இல்லாம வீடு வீடாவே இல்லன்னும் எழுதியிருந்தீங்க. அந்தக் கடைசி வரி எனக்கு நல்லாப் புரியுது. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நானும் மியூனிக்லதான் இருக்கேன், இப்ப லீவுல ஊருக்கு வந்திருக்கேன். உசிலம்பட்டிப் பக்கம், எங்க அப்பாவோட மல்லித் தோட்டத்துல. கார்த்திகை மாசம், நவம்பர் கடைசி வாரம், கவாத்து நடக்குது. வெட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் தண்ணி கட்டுறதை நிறுத்திருவாங்க. செடி காஞ்சு, இலை கொஞ்சம் வாடி நிக்கும். அப்புறம் முழங்கால் உசரம், ஏறக்குறைய ஒன்றரை அடி விட்டுட்டு மேல இருக்கிறதை எல்லாம் வெட்டித் தள்ளுறாங்க. காய்ஞ்ச குச்சி, பின்னிக்கிட்டுக் கிடக்கிற குச்சி எதையும் விடுறதில்ல. மிச்சமிருக்கிற இலையையும் உருவிப் போட்டுடுவாங்க. சாயங்காலம் பார்த்தா காடு முழுக்க மொட்டைக் குச்சிதான். அப்புறம் தூருக்கு 10 கிலோ தொழு உரம் வச்சு, மண்ணணைச்சு, தண்ணி விடுவாங்க. தை பிறந்து துளிர் ஓடி, மாசி, பங்குனியில மொட்டு கட்டும். மல்லி புதுத் துளிர்லதான் பூக்கும், பழைய குச்சியில பூக்காது.

உங்க கேள்வியை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "இங்கயே இப்ப மொட்டு இல்ல, அங்க எப்படிம்மா வரும்?"னு கேட்டார். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்ல மார்கழி மாசம் மல்லி கிலோ ஆயிரக்கணக்குல போறது அதனாலதான். பனி விழுந்தா வரத்து சுருங்கிடும். சீசன்ல சாக்குச் சாக்கா வந்து இறங்குற பூ இந்த மாசத்துல எடை பார்க்கவே கம்மியா இருக்கும். மதுரையிலயே ஓய்வுல இருக்கிற செடியை மியூனிக் ஜன்னல்ல வச்சு டிசம்பர்ல பூ கேட்காதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

வெளிச்சம்தான் அங்க முதல் பிரச்சினை. மதுரையில வருஷத்துலயே சின்னப் பகல்கூட 11½ மணி நேரம் வரும். மியூனிக்ல டிசம்பர் கடைசியில காலை 8 மணிக்குச் சூரியன் வந்து, சாயங்காலம் 4.30-க்குள்ள போயிடும். பாதி நாள் மேகமூட்டம் வேற. மல்லிக்கு ஒரு நாளைக்கு 5, 6 மணி நேரமாவது நேர் வெயில் வேணும். வெயில் இல்லாத செடி தண்ணி குடிக்காது, அந்தத் தண்ணி தொட்டியிலயே நின்னு வேரை அழுக வச்சிடும். விரலை ரெண்டு கணு ஆழம் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. உள்ள காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. தட்டுல தேங்குறதைக் கொட்டிடுங்க. உரம் மார்ச் வரைக்கும் வேண்டாம். தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தா அதுதான் அதுக்கு இடம். இல்லன்னா செடி விளக்குன்னு விக்கிற எல்.ஈ.டி. ஒண்ணை வாங்கி, தினமும் 12 மணி நேரம் எரியுற மாதிரி டைமர் போட்டு விடுங்க.

எந்த இலை, எப்படி மஞ்சளாகுதுன்னு பக்கத்துல வச்சுப் பாருங்க, அதை வச்சே காரணம் சொல்லிடலாம். அடியில இருக்கிற முத்தின இலை முழுசா மஞ்சளாகி, தொட்டதும் உதிர்ந்தா தண்ணி அதிகம், வெளிச்சம் கம்மி. உங்களுக்கு அதுதான்னு நினைக்கிறேன். நுனி இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையா நின்னா செடிக்கு இரும்புச்சத்து ஏறல. மியூனிக் குழாய்த்தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, கெட்டில் அடியில வெள்ளையாப் படியுதே, அதேதான். அந்தத் தண்ணியையே ஊத்த ஊத்த மண் காரமாகி, இருக்கிற இரும்பையும் வேர் எடுக்க முடியாமப் போயிடும். இங்க அப்பா இதுக்கு அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டை, லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலையில தெளிப்பார். அங்க எலுமிச்சை, ஆரஞ்சுச் செடிக்குன்னு இரும்பு சேர்த்து விக்கிற சிட்ரஸ் உரம் எல்லாத் தோட்டக் கடையிலயும் இருக்கும், வசந்தத்துல இருந்து அதைக் கொடுங்க. பால்கனியில ஒரு வாளி வச்சு மழைத்தண்ணி பிடிச்சு ஊத்தினா இன்னும் நல்லது.

மூணாவது, இலை மேல ஊசி குத்தின மாதிரி வெளிர்புள்ளி, அடியில மெல்லிசா நூலாம்படை. அது செஞ்சிலந்தி, இலைச்சாறை உறிஞ்சுற பொடிப் பூச்சி. ஹீட்டர் ஓடுற வீட்டுல காத்து வறண்டு கிடக்கும், அதுல இது சட்டுனு பெருகும். ஜெர்மனி வீடுகள்ல ஹீட்டரை ஜன்னலுக்கு நேர் கீழதான் வச்சிருப்பாங்க, அதனால ஜன்னல் திண்டுல நிக்கிற தொட்டிக்குக் கீழ இருந்து அனல் அடிச்சுக்கிட்டே இருக்கும். தொட்டியை ஒரு ஸ்டூல்ல வச்சுக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. வாரம் ஒரு தடவை ஷவர்ல வெதுவெதுப்பான தண்ணியில இலையோட அடிப்பக்கம் நல்லாப் படுற மாதிரி கழுவுங்க, மண் நனையாம தொட்டி வாயில ஒரு பை கட்டிக்கலாம். சுவர்ல பூஞ்சை பிடிக்கக் கூடாதுன்னு வீட்டு ஓனர் ஜன்னலை அகலத் திறந்து காத்து விடச் சொல்லியிருப்பாங்க. அதை அவசியம் செய்யணும், ஆனா அந்த நேரம் செடியை உள்ள நகர்த்திட்டுத் திறங்க. பூஜ்யத்துக்குக் கீழ இருக்கிற காத்து நேரா அடிச்சா இலை ஒரே நாள்ல கருகிடும். 15, 18 டிகிரி இருக்கிற அறை அதுக்குத் தாராளம், 10-க்குக் கீழ போகவே கூடாது.

பகலும் ராத்திரியும் சமமாகிற மார்ச்லதான் அங்க உங்களுக்குக் கவாத்து. ஒவ்வொரு குச்சியையும் பாதியா வெட்டுங்க, தயங்காதீங்க. தொட்டி மாத்துறதா இருந்தா அப்பவே மாத்துங்க, ஒரு சுத்து பெருசு போதும். மே 15 வரைக்கும் வெளிய வைக்காதீங்க. அதுவரைக்கும் ராத்திரி உறைபனி திரும்ப வரும்னு அங்கத்துத் தோட்டக்காரங்க காலங்காலமாச் சொல்றது, அதுல அர்த்தம் இருக்கு. அப்புறம் பால்கனியில ஒரு வாரம் நிழல்ல பழக்கிட்டு வெயிலுக்கு நகர்த்துங்க. ஜூன்ல துளிர் நுனியில மூணு மூணா மொட்டு வரும். பூத்து முடிஞ்ச குச்சியை ரெண்டு ஜோடி இலை கீழ கிள்ளி விட்டா மறுபடி துளிர்க்கும், செப்டம்பர் வரைக்கும் விட்டு விட்டுப் பூக்கும். முழக்கணக்குல வராது. ஒரு கைப்பிடி வரும். காலையில வெள்ளையாத் திரண்ட மொட்டைப் பறிச்சு ஈரத்துணியில வச்சிருந்தீங்கன்னா சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மலர்ந்துடும்.

ஊர்ல இருந்து பதியன் எடுத்துட்டு வர வேண்டாம். 2019 டிசம்பர் 14-ல இருந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள எந்த உயிர்ச்செடி வந்தாலும் தாவர நலச் சான்றிதழ் கேட்பாங்க, பையில வர்ற பூவுக்கும் கறிவேப்பிலைக்கும்கூட அதுதான். சான்றிதழ் இல்லாம வரலாம்னு விட்டிருக்கிறது அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டூரியன், இந்த அஞ்சு மட்டும்தான். மண்ணோட வந்தா விடவே மாட்டாங்க. மனசைத் தேத்த இன்னொண்ணு சொல்றேன்: மதுரைப் பக்கம் நடுற மல்லி நாத்துல பெரும்பகுதி ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்துல இருந்து வர்றதுதான். 2013-ல புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லியோட தடிச்ச இதழும் வாசமும் இந்த மண்ணும் வெயிலும் சேர்ந்து கொடுக்கிறது. அம்மா வீட்டுக் குச்சியே வந்தாலும் அங்கத்து வெயில்லதான் அது பூக்கணும்.

வேற செடி வாங்குறதா இருந்தா பேரைப் பார்த்து வாங்குங்க, குண்டுமல்லியோட அறிவியல் பேரான ஜாஸ்மினம் சம்பக்னு இருக்கணும். ஜனவரி பிறந்தா சூப்பர் மார்க்கெட்ல வளையத்துல சுத்திக் கட்டின ஒரு மல்லி நிறையப் பூவோட வரும். இலை ஒவ்வொண்ணும் அஞ்சு, ஏழாப் பிரிஞ்சிருக்கும். வாசம் உண்டு, ஆனா நம்ம மல்லி இல்ல. காம்பைக் கிள்ளினா பால் வடியுற இன்னொரு கொடியையும் மல்லின்னே விப்பாங்க, அதுவும் இல்ல. நம்மது ஒத்தை இலை, பளபளப்பா, எதிரெதிரா இருக்கும்.

அதுவரைக்கும் வெள்ளிக்கிழமைக்குச் சாமந்தி வாங்கி வைங்க. நவம்பர்ல அங்க கல்லறைக்கு வைக்கிற பூங்கிறதால எல்லாக் கடையிலயும் கிடைக்கும். நம்ம வழக்கத்துல அது சாமிப் பூதான், தயங்காம வைங்க. மத்தியானம் கொஞ்சமாவது வெயில் தெரிஞ்சா வெளிய போய் நடந்துட்டு வாங்க. முதல் குளிர்காலத்துல வீட்டுக்குள்ளயே இருந்தா மனசு ரொம்பச் சோர்ந்துடும்.

நான் ஜனவரியில மியூனிக் திரும்பிடுவேன். மார்ச்ல கவாத்து பண்றப்ப வெட்டுற குச்சியில நாலு குச்சி உங்களுக்காக வேர் விட வைக்கிறேன், மே மாசத்துக்குள்ள நடுற பதத்துக்கு வந்துடும். அதுக்குள்ள உங்க பால்கனியில வெயில் எந்நேரம் எங்க விழுதுன்னு மட்டும் கவனிச்சு வைங்க.