கருவாட்டு உலர்த்திக்கான ஆய்வு நிதி: எங்கே பிழைத்தது?

தம்பி, மீனைக் கருவாடாக்கும் சூரிய உலர்த்தியைப் பரிசோதிக்க நிதி கேட்ட உங்கள் விண்ணப்பம் திரும்பிவந்ததற்கு, உங்களோடு பங்காளியாகச் சேரும் கருவாட்டு முதலாளியின் கடிதம்தான் காரணம் போலிருக்கிறது. "முழு ஆதரவு தருவோம்" என்ற ஒற்றை வரியை எந்த மதிப்பீட்டாளரும் பங்களிப்பாக எடுக்கமாட்டார். அவர் பணம் போட வேண்டியதில்லை. ஆனால் ஒரு தடவைக்கு 50 கிலோ மீன், 6 தடவைகள், இரண்டு வேலையாட்கள், உலர்த்தி வைக்க இவ்வளவு இடம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ரூபாயில் பெறுமதி போட்டுத் தரட்டும்.

அடுத்தது காலம். நிதி கைக்கு வரப் பிந்தினால் பரிசோதனை மார்கழி மாரியில் போய் விழும். அந்த ஈரக்காற்றில் சூரிய உலர்த்தி எடுபடாது. வறண்ட கச்சான் காற்று வீசும் மே முதல் ஆகஸ்ட் வரை குறித்துவையுங்கள். அதே மீன், அதே உப்பு, பக்கத்தில் திறந்த வெயிலிலும் காயவேண்டும்; ஒப்பீடு இல்லாமல் "விரைவாகக் காய்கிறது" என்று சொல்லமுடியாது. மீனின் ஈரப்பதனை ஆய்வுகூடத்தில் 105 பாகை செல்சியஸ் அடுப்பில், நிறை மேலும் மாறாத நிலை வரும்வரை காயவைத்து, மூன்று மாதிரிகளில் அளவிடுங்கள். உலர்த்தியின் சூட்டையோ தொடக்கத்திலேயே 50 பாகையைத் தாண்டவிட்டால் மேற்தோல் இறுகி உள்ளே ஈரம் அடைபடும், பிறகு பூஞ்சணம்தான்.

உலர்த்தி கடைசியில் யாருக்கு, ஆய்வறிக்கையை வெளியிட முதலாளி சம்மதமா என்பதையும் கையொப்பத்துடன் ஒரு பக்கத்தில் முடித்துவிடுங்கள். தகரம், கண்ணாடி, விசிறிக்கு மூன்று விலைக்கோரல்கள் இப்போதே எடுங்கள். கடை முகவரியில்லாத துண்டுச்சீட்டைக் கணக்குப் பகுதி ஏற்காது.