பூமியின் 450 கோடி ஆண்டுக் கதையைச் சென்னையில் இருந்தபடியே பார்க்க முடியுமா?

எட்டாவது படிக்கும் மகளுக்குப் பூமியின் வரலாற்றையும் உயிர்களின் பரிணாமத்தையும் நேரில் காட்ட வேண்டும், சென்னைக்குள்ளும் பக்கத்திலும் அதற்கு இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆனால் கதையில் பாதிக்கு மேல் சென்னையில் கிடையாது. அந்த இல்லாத பாதியைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். நான் புவியியல் படித்தவன் அல்ல. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பல வருடமாகக் குரோம்பேட்டையில் குடியிருப்பதால் பல்லாவரம் மலையைப் பார்த்துப் பார்த்து வந்த ஆர்வம் இது.

முதலில் அந்த மலைக்கே வாருங்கள். மின்சார ரயிலில் தாம்பரம் போகும்போது, திரிசூலம் நிலையத்தில் விமான நிலையத்துக்கு எதிர்ப்புறம் தெரிகிற மலைதான். பாதியைக் குவாரிக்காரர்கள் ஜல்லியாக்கி விட்டார்கள். பழைய சென்னையின் எத்தனையோ அஸ்திவாரங்களுக்குள் இந்த மலை கிடக்கிறது. நாம் கருங்கல் என்று சொல்லிவிட்டுப் போகிற இந்தப் பாறைக்கு 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இங்கிருந்து போன பாறை என்பதால் அந்தப் பெயர். உலகம் முழுக்க இந்த வகைப் பாறைக்கு இன்றும் அதுதான் பெயர். நியாயமாகப் பார்த்தால் பல்லாவரத்தின் பெயரை வைத்திருக்க வேண்டும்!

இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். எப்படித் தெரியும்? பாறைக்குள் சிர்கான் என்ற பொடிப்பொடியான படிகங்கள் இருக்கும். சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறைய சேர்க்கவே சேர்க்காது. அப்புறம் அந்த யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். யுரேனியம்-238-இல் பாதி மாற 447 கோடி ஆண்டுகள் ஆகும். இன்று எவ்வளவு யுரேனியம், எவ்வளவு ஈயம் என்று அளந்தால் வயது கிடைத்துவிடும். பூமியின் வயதையும் யுரேனியம், ஈயக் கணக்கை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். 1956-இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து 455 கோடி என்றார். இத்தனை வருடம் கழித்தும் அந்த எண் பெரிதாக மாறவில்லை.

இந்தப் பாறை உருவான காலத்தில் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அது சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். உயிர் என்று இருந்ததெல்லாம் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள். பல்லாவரத்துப் பாறையில் அவற்றின் சுவடு எதையும் தேட வேண்டாம். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்த பாறை அது.

இந்த இடத்தில் உங்கள் மகளை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: 20 கிலோமீட்டர் ஆழத்தில் உருவான பாறை குரோம்பேட்டையில் தரைக்கு மேல் எப்படி வந்தது? அதற்கு மேலே இருந்த அத்தனையும் தேய்ந்து போனதால்தான். மழையும் காற்றும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்து எடுத்துப் போயின. நிலம் மேடாக இருந்ததால் அரிப்புதான் நடந்தது, படிவு எதுவும் தங்கவில்லை. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், செலவு மட்டும் நடந்து வரவே பதியாத கணக்கு.

அதனால்தான் சென்னையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரிகிற பாறைகளில் அடுத்த பதிவு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறைதான். வயது சுமார் 12, 13 கோடி. ஆழ்துளைகளில் அகப்பட்ட சில துண்டுகளை விட்டால், நடுவில் ஏறக்குறைய 235 கோடி ஆண்டுகள் காலி. பூமியின் வயதில் பாதிக்கு மேல்! உட்கரு கொண்ட செல் தோன்றியது, 54 கோடி ஆண்டுகளுக்கு முன் விலங்கினங்கள் சடசடவெனப் பெருகியது, மீனின் வாரிசுகள் கரையேறியது, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உயிரினங்களில் பெரும்பாலானவை அழிந்துபோனது, டைனோசர்கள் வந்தது, முதல் பாலூட்டி, முதல் பறவை எல்லாமே அந்தக் காலியான இடத்துக்குள் நடந்தவை. பாடப்புத்தகத்தில் பரிணாமம் என்று படிப்பதில் முக்கால்வாசி சென்னைப் பாறையில் கிடையாது.

சரி, அந்த இடைவெளியில் இருந்து எதுவுமே பார்க்க முடியாதா? உங்கள் சமையலறையில் இருக்கலாம். பழைய வீடுகளில் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் போடுகிற கறுப்புக் கடப்பா கல், அந்த இடைவெளிக் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு. அதில் சிப்பி, சங்கு தேடாதீர்கள், கிடைக்காது. கடப்பாப் பகுதியின் இன்னும் பழைய பாறைகளில் நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காக வளர்ந்து கல்லான ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் இருக்கின்றன. திருத்தணி தாண்டி நகரிப் பக்கம் தெரிகிற செங்குத்தான மலை முகடுகளும் அந்தக் குடும்பத்துக் குவார்ட்சைட்தான். அதாவது, பழங்கால மணல் இறுகிக் கல்லானது.

ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். தென் கண்டங்களும் இந்தியாவும் ஒன்றாக ஒட்டியிருந்த கோண்ட்வானா என்ற பெருநிலம் உடைந்து, நம் கிழக்குக் கரை அன்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்துகொண்டிருந்த காலம். நிலம் தாழ்ந்தது, கடல் எட்டிப் பார்த்தது, ஒருவழியாகப் படிவும் தங்கியது. இன்று கார் தொழிற்சாலைகள் நிற்கிற அந்தப் பக்கத்துக் களிப்பாறையில் டைலோஃபில்லம் போன்ற செடிகளின் இலை அச்சுகள் கிடைத்திருக்கின்றன. பெரணிகள் உண்டு, ஊசியிலை மரங்கள் உண்டு, பூக்கும் தாவரம் இல்லை. பூ இல்லாத தமிழ்நாட்டை நினைத்துப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

கடல் நன்றாக உள்ளே வந்ததைப் பார்க்க அரியலூர் போக வேண்டும். அம்மோனைட்டுகளும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரிகள்) சிப்பிகளும் நிறைந்த பாறை. சிமெண்ட் ஆலைகள் அங்கே குவிந்ததற்குக் காரணமே அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கடைசியாக, நான் மிகவும் ரசிக்கிற விஷயம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் பல்லாவரத்துச் சரளை மண்ணில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்று உலகம் அறிந்தது அதிலிருந்துதான். அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய அதிரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்பு தலைமையிலான குழு அங்கே அகழாய்வு செய்து, அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-இல் வெளியிட்டது. செய்தது நம் இனம்கூட இல்லை, நமக்கு முந்தைய மனித இனம்.

அந்தக் கோடரியின் கல்லைக் கவனியுங்கள். குவார்ட்சைட். கடப்பாப் பகுதியில் மணலாகப் படிந்து இறுகியது, டைனோசர் காலத்து ஆறுகளில் உருண்டு கூழாங்கல்லானது, அப்புறம் ஒரு கை அதை எடுத்துச் செதுக்கியது. சென்னைப் பாறையில் காணாமல் போன அந்தக் காலத்தின் ஒரு துண்டு இப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தது.

ஃபூட் சேகரித்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, முதலில் அங்கே போங்கள். அதிரம்பாக்கம் போனால் கீழே கிடக்கிற எதையும் எடுக்க வேண்டாம் என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் இருந்தது என்பதை வைத்துத்தான் வயதைக் கணக்கிட முடியும். பைக்குள் போய்விட்டால் அது வெறும் கல். வழியில் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று உண்டு. திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.