கத்திரி வெயிலில் காய்கறிச் செடிகள்

கேள்வி: திருச்சியில் மொட்டை மாடித் தொட்டிகளிலும் கொல்லையிலும் காய்கறி வளர்க்கிறோம். பங்குனிக் கடைசியிலிருந்து தக்காளி நிறையப் பூத்தும் காய் பிடிக்காமல் பூக்கள் உதிர்கின்றன. எலுமிச்சையிலும் பிஞ்சு கொட்டுகிறது. உரம் வைக்கலாமா? கோடையில் வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: உரம் வேண்டாம். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடுவதால், செடி நன்றாக இருந்தாலும் பூ காயாகாமல் உதிர்கிறது. இந்நிலையில் இரசாயன உரமிட்டால், வெப்பத்தில் ஏற்கெனவே வாடும் வேர் மேலும் கருகும். 50 சதவீத நிழல்வலை கட்டி, தளத்தின் சூடு ஏறாதபடி தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தக்காளியைக் காப்பாற்றி வைத்தால் போதும். இந்த வெயிலில் அதனிடம் காய் எதிர்பார்ப்பது நியாயமில்லை. வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை ஆகியவை கோடையைத் தாங்கும்.

எலுமிச்சைக்கு ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாய் ஊற்றுவதுதான் பெரும்பாலும் பிஞ்சு உதிரக் காரணம். தண்டை ஒட்டி ஊற்றாமல், கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் சீராக நீர் விட்டு, காய்ந்த இலையையோ வைக்கோலையோ 2 முதல் 3 அங்குல உயரத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள்.

கோடை வெயிலால் உண்மையான ஆதாயம் காலிப் பாத்திக்குத்தான். மண்ணைக் கொத்திச் சமன்செய்து, ஆழமாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பாலித்தீன் விரிப்பை மண்ணோடு படியும்படி மூடி, ஓரங்களில் காற்றுப் புகாமல் மண் அணைத்து 4 முதல் 6 வாரம் விட்டால், உள்ளே ஏறும் வெப்பத்தில் களை விதைகளும் வேர்முடிச்சு நூற்புழுக்களும் வாடல் நோய்ப் பூஞ்சைகளும் பெருமளவு அழிகின்றன. கறுப்பு விரிப்பு இந்த அளவுக்கு மண்ணைச் சூடாக்காது. கோரைக்கிழங்கு மட்டும் இதற்கும் அசையாது; அதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் ஓரளவு குறைந்துவிடுமாதலால், விரிப்பை எடுத்தபின் மட்கிய தொழுவுரம் கலந்து ஆடிப்பட்டத்துக்கு விதையுங்கள்.

கேள்வி: மாமரத்தை இப்போதே கவாத்து செய்யலாமா?

பதில்: காய் பறித்து முடியும் வரை பொறுங்கள். அதன்பின் காய்ந்த கிளைகளையும் உள்நோக்கி நெருக்கமாக வளர்ந்தவற்றையும் மட்டும் வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லிப் பசை) தடவுங்கள்.